மழைப் பாடத்துக்கு ஒரு வருடம் வேண்டும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்கள் கடலாடிப் பக்கத்தில் மழை கிடையாது, காற்றுதான். தென்மேற்கிலிருந்து வாரி அடிக்கும் காற்று வகுப்பறைக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். பெருக்கி முடித்த அரை மணியில் பெஞ்சு மேல் விரலால் பெயர் எழுதலாம். அதே வாரத்துச் செய்தித்தாளில் கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தி வரும். பொது அறிவுப் புத்தகத்திலோ இந்தியாவின் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று அச்சடித்திருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும், வெளியே புழுதி பறந்துகொண்டிருக்கும்போதே.

அந்தப் பிள்ளை அன்றைக்கு என்ன கற்றுக்கொள்கிறது? புத்தகத்தில் இருக்கும் மழை வேறு, நம்ம ஊர் மழை வேறு, பரீட்சைக்கு முதலாவதை எழுதினால் போதும் என்பதைத்தான். எட்டு வயதில் இப்படி ஒரு முடிவுக்கு வந்த பிள்ளையை அறிவியலின் பக்கம் திருப்புவது பிறகு ரொம்பக் கஷ்டம்.

அதனால் நீர்ச்சுழற்சி, பருவகாலம், காலநிலை என்று மூன்று பாடமாக நடத்துவதை நான் விட்டு நெடுநாள் ஆகிறது. மூன்றும் ஒரே பாடம். நடத்தி முடிக்க ஒரு வருடம் வேண்டும். எந்த மாதத்தில் எது கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த மாதத்தில் அதை எடுப்பேன். புத்தகம் எந்தப் பருவத்தில் வைத்திருக்கிறதோ அந்தப் பருவத்துத் தேர்வுக்கு முன்னால் ஒருமுறை அதற்கும் போய்வருவோம். அதற்குள் பாதி விஷயம் பிள்ளைகளுக்குக் கைவந்திருக்கும்.

ஜூன் மாதம் ஆவியாதலுக்கு என்றே வாய்த்த மாதம். சிலேட்டை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வேன். எங்கள் காற்றில் அது காய இரண்டு நிமிடம் போதும்.

“தண்ணி எங்கடா போச்சு?”

“காஞ்சு போச்சு டீச்சர்.”

“காஞ்ச தண்ணி இப்ப எங்க இருக்கு?”

வகுப்பு இங்கே நிற்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எங்கே கேட்டாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, சிலேட்டு உறிஞ்சிவிட்டது. மற்றொன்று, சூரியன் குடித்துவிட்டது. இரண்டுமே யோசித்துச் சொன்ன பதில்கள். தப்பு என்று அடித்துவிட்டுச் சரியானதை எழுதிப்போட்டால் பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும், மனத்துக்குள் சூரியன் குடித்துக்கொண்டேதான் இருக்கும். எனவே சிலேட்டுக்குப் பதில் எவர்சில்வர் தட்டை எடுப்போம். எவர்சில்வர் எதையும் உறிஞ்சாது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் ஈரம் காய்கிறது. அடுத்து ஒரே அளவு தண்ணீரை மூன்று தட்டில் ஊற்றி ஒன்றை வெயிலில், ஒன்றை ஜன்னல் ஓரக் காற்றில், ஒன்றை அலமாரிக்குள் வைப்போம். வெயில் படவே படாத அலமாரித் தட்டும் இரண்டு மூன்று நாளில் காலியாகிவிடும். சூரியன் அலமாரிக்குள் எப்படி வந்தது என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். வெப்பம் வேகத்தைக் கூட்டுகிறது, காற்றும் கூட்டுகிறது, இரண்டும் இல்லாவிட்டாலும் தண்ணீர் மெல்லப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த மூன்றையும் அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பல வகுப்பறைகளில் இந்தப் பாடம் கொதிக்கும் பாத்திரத்தில் தொடங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்று பிள்ளைக்குப் பதிந்துவிடுகிறது. அப்புறம் கடல் ஏன் ஆவியாகிறது என்று கேட்டால், நடுக்கடலில் கொதிக்கிறது என்று சொல்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பாத்திரத்துக்கு மேலே வெள்ளையாகத் தெரிவதைக் காட்டி அதுதான் நீராவி என்கிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து மறுபடி பொடித்துளியான தண்ணீர். மேகமும் அப்படித்தான். இதை முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டால் பின்னால் மேகத்தைப் பற்றிப் பேசும்போது அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்று குறையும்.

உப்பளம் எங்களுக்குக் கிடைத்த வரம். வாலிநோக்கத்தில் அரசின் உப்பு நிறுவனமே இருக்கிறது, அதைச் சுற்றிச் சின்ன அளங்களும் உண்டு. என் வகுப்பில் அளத்து வேலைக்குப் போகும் அம்மா அப்பாக்களின் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். பாத்தியில் உப்புத் தண்ணீர் கட்டுவதும், தண்ணீர் வற்ற வற்ற உப்பு பூப்பதும், அதை வாரிக் குவிப்பதும் அவர்கள் பார்த்து வளர்ந்தவை. தண்ணீர் எங்கே போனது என்ற கேள்வியை அங்கே பாத்தி ஓரத்தில் நின்று கேட்டால் கதையே மாறிவிடும். போனது தண்ணீர், நின்றது உப்பு. கடலிலிருந்து எழுந்த ஆவிதான் மழையாகிறது என்றால் மழை ஏன் உப்புக் கரிக்கவில்லை என்பது இந்தப் பாடத்திலேயே பெரிய கேள்வி. எங்கள் பிள்ளைகளுக்கு அதன் பதில் காலடியில் வெள்ளையாகக் கிடக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து அதையே சின்னதாகச் செய்வோம். ஒரு பேசினில் கடல் தண்ணீர், அதன் நடுவில் ஒரு காலி டம்ளர், மேலே பாலிதீன் தாளை இறுக்கிக் கட்டி, டம்ளருக்கு நேராக ஒரு கூழாங்கல். வெயிலில் வைத்தால் தாளின் அடிப்பக்கம் துளித்துளியாகக் கோத்து, கல்லின் கனத்தால் சரிந்து, டம்ளருக்குள் சொட்டும். மாலைக்குள் ஒரு வாய் தண்ணீர் சேர்ந்துவிடும். டம்ளரை நன்றாகக் கழுவி வைப்பது முக்கியம், பிள்ளைகள் அதை நக்கிப் பார்ப்பார்கள். உப்பு இல்லை என்று முதலில் சொல்கிற பிள்ளையின் குரல் பக்கத்து வகுப்பு வரை கேட்கும்.

ஜூலையில் குழாயடிப் பாடம். எங்கள் ஊர் நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உவர். குடிப்பது கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர். ஊரில் எல்லாரும் அதைக் காவேரித் தண்ணி என்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால், திருச்சிப் பக்கம் காவிரிப் படுகை, அதற்கு மேலே 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை, அதற்கும் மேலே குடகு மலை. அங்கே இப்போது, இதே ஜூலையில், கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும். தரையில் மணலைக் குவித்து மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு பிள்ளை கட்டும். அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலை மேல் ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கி நம் பெஞ்சு மேல் புழுதி போடுகிறது. அந்தப் பக்கம் இறங்கிய மழையில் கொஞ்சம் காவிரி வழியாக நம் குழாய்க்கு வருகிறது. “அப்ப ஜூன்லயும் நமக்கு மழை உண்டு டீச்சர், குழாய் வழியா!” என்றாள் ஒருத்தி. செய்தித்தாளுக்கும் ஊருக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அவள் ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டாள்.

பருவகாலத்துக்கு எங்களிடம் உள்ள கருவி ஒரு கம்பு. தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி மைதானத்தில் நட்டு, மாதத்துக்கு ஒருமுறை நடுப்பகலில் நிழலின் நுனியில் சுண்ணாம்பால் புள்ளி வைப்போம். நம் ஊரில் நடுப்பகல் என்பது கடிகாரத்தில் 12.15-ஐ ஒட்டி வரும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டைக் கணக்கிட்டது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஜூன் கடைசியில் நிழல் தெற்கே விழும், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். பிறகு சுருங்கிக்கொண்டே வந்து ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் கம்பின் காலடிக்குள் மறைந்துவிடும். செப்டம்பரில் வடக்கே எட்டிப் பார்க்கும். டிசம்பர் கடைசியில் வடக்கே 64 சென்டிமீட்டர் வரை நீளும். மறுபடி சுருங்கி, சித்திரைப் பிறப்பை ஒட்டி இரண்டாம் முறை மறையும். சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும் நாள் வருடத்தில் இரண்டு, அதில் ஒன்று நம் வருடப் பிறப்போடு ஒட்டி வருகிறது. ஒன்பது பாகை வடக்கில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாய்த்த பொருத்தம் இது. சென்னைப் பிள்ளைகளுக்கு இந்த நாள் சித்திரைப் பத்துக்கு மேல்தான் வரும்.

நிழல் திசை மாறுவதைப் பார்த்த பிள்ளை, சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைவது மட்டுமில்லாமல் வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாகவும் நகர்வதாகத் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டுவிடும். பூமியின் 23.5 பாகைச் சாய்வை ஐந்தாம் வகுப்பில்தான் எடுப்பேன். அதற்கு முன் எடுத்தால் அது வெறும் எண். கூடவே, சூரியன் கிட்ட வந்தால் வெயில்காலம், தள்ளிப் போனால் குளிர்காலம் என்ற எண்ணத்தையும் அங்கேதான் தொடுவேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். தொலைவில் இருப்பது ஜூலையில், 15.2 கோடி. மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் இப்போதுதான் சூரியன் கிட்டத்தில் இருக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள். அந்த நம்பாமையை வைத்துக்கொண்டு ஒரு முழு வகுப்பு நடத்தலாம்.

கடைகளில் விற்கும் பருவகால அட்டையில் நான்கு கட்டம் இருக்கும். பூக்கும் மரம், கடற்கரைக் குடை, உதிரும் சிவப்பு இலை, பனிமனிதன். கீழ்வகுப்புச் சுவரில் அதை மாட்டுவதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் வெயில்காலம், காத்துக்காலம், மழைக்காலம், பனிக்காலம் என்று நான்கை அதுவே சொல்லும். அந்த நான்கையும் அவர்களே வரைவார்கள். காத்துக்காலத்துக்குப் பறக்கும் பனையோலையும், பனிக்காலத்துக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டிய தாத்தாவும் வரும். மூன்றாம் வகுப்பில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரிப்போம், ஆவணி தொடங்கி இரண்டிரண்டு மாதம். வேம்பு மாசியில் இலை கொட்டி, பங்குனியில் துளிர்த்து, சித்திரையில் பூத்துக் கிடப்பதைப் பார்க்கும் பிள்ளைக்குப் பின்பனியும் இளவேனிலும் பாட்டன் காலத்துப் பெயர்களாகத் தோன்றாது. பனிமனிதன் அட்டை ஐந்தாம் வகுப்பில் வரும், நிழல் நம்மைவிட ரொம்ப நீளமாக விழும் ஊர்களின் பருவங்களாக.

புரட்டாசி பிறந்தால் காற்று ஓயும், புழுக்கம் ஏறும். சட்டை முதுகில் ஒட்டும். வியர்வை காயாததே முதல் பாடம். காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைய இருக்கிறது, இன்னும் வாங்கிக்கொள்ள இடம் குறைவு. மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் கட்டியில் கொஞ்சம் வாங்கிவந்து எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும். டம்ளர் ஒழுகுகிறது என்பார்கள். தண்ணீரில் மஞ்சள் கரைத்து மறுபடி வைப்போம். உள்ளே மஞ்சள், வெளியே நிறமே இல்லாத துளி. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மெதுவாக ஒரு கை காற்றைக் காட்டும். இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இதற்கு மண்பானையை எடுக்காதீர்கள். மண்பானை உண்மையிலேயே கசியும், கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. இரண்டும் குழம்பினால் பிரிப்பது பெரும்பாடு.

கொடிக்கம்பத்தில் ஒரு தலை ரிப்பனைக் கட்டி வைத்திருப்போம். ஜூனில் அது வடகிழக்கே பறந்தது. ஐப்பசியில் தென்மேற்கே பறக்கும். காற்று திரும்பிவிட்டது. இப்போது வருவது வங்கக்கடல் மேலாக, தண்ணீரை அள்ளிக்கொண்டு வருகிற காற்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது, எங்களைப் போன்ற கடலோர மாவட்டங்களில் அதற்கும் மேல். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் வீடுகளுக்கு இது புதுச் செய்தி இல்லை. அளத்துக்காரர் வீட்டில் இதே மழை வேலை நிறுத்தம். ஒரே பெஞ்சில் இருவர் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். மழை நல்லதா கெட்டதா என்று வகுப்பில் நான் கேட்பதில்லை.

மழைமானி நாங்களே செய்வது. இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் நிரப்பி, அங்கே பூஜ்யம் குறிக்க வேண்டும். இதைச் செய்யாமல் அளந்தால் முதல் பத்து மில்லிமீட்டரும் பொய். மரத்தடியிலும் ஓட்டுச் சாரலிலும் வைக்கக் கூடாது. வானிலைத் துறை அளக்கும் காலை 8.30 மணிக்கே நாங்களும் அளப்போம். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. பதிவேட்டில் தேதி, மில்லிமீட்டர், ரிப்பன் பறந்த திசை.

டீக்கடையில் பெரியவர்கள் மழையை அளக்கும் முறை வேறு. ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை என்பார்கள், மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதுதான் அந்த அளவு. எனவே பிள்ளைகளும் மழை விட்டதும் கம்பியால் குத்தி ஈரம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஒரே மழை மணற்பாங்கான இடத்தில் ஆழமாகவும் கரிசலில் மேலோட்டமாகவும் இறங்கியிருக்கும். பாட்டில் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பயிருக்கு எது முக்கியம் என்று பாட்டிலால் சொல்ல முடியாது, உழவுக் கணக்கு சொல்லும். இந்த ஒப்பீட்டைத் தொடங்கிய பிறகுதான் ஊர்க்காரர்கள் எங்கள் பதிவேட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். “நேத்து எத்தன மில்லி ஆத்தா?” என்று மிளகாய்க் கொல்லைக்குப் போகிற வழியில் பெரியவர் நின்று கேட்பார். பதில் சொல்லும் நான்காம் வகுப்புச் சிறுமி நிமிர்ந்து நிற்பாள்.

மில்லிமீட்டர் என்றால் என்ன என்பதற்கு, ஒரு மீட்டர் சதுரத்துக்குக் களிமண்ணால் வரம்பு கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரை அதில் ஊற்றுவோம். தளம் மட்டமாக இருந்தால் சரியாக ஒரு மில்லிமீட்டர் உயரம். அங்கிருந்து பள்ளிக் கூரையின் பரப்பைப் பெருக்கி, இருபது மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை குடம் என்று கணக்குப் பாடமே தனியாக ஓடும்.

காலநிலையைக் கடைசியில், தை மாசியில் எடுப்பேன். அதற்குள் கையில் ஒரு வருடத்துப் பதிவும், சுவரோரம் முந்தைய வகுப்புகளின் பதிவேடுகளும் இருக்கும். ஒரு நாள் மழை வானிலை. காலநிலை என்று பேச முப்பது வருடச் சராசரி வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பு வைத்த கணக்கு. முப்பது வருடத்துக்கு அப்பத்தாவைக் கேட்டுவரச் சொல்வேன். எல்லா அப்பத்தாவும் அந்தக் காலத்தில் மழை ஒழுங்காகப் பெய்தது என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு, பக்கத்தில் எங்கள் எண்களை வைப்போம். நல்ல வருடமும் கெட்ட வருடமும் மாறி மாறி வருவது தெரியும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்கப் பொய்த்தது, வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது.

95 சென்டிமீட்டர் என்று சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. சுவரில் அந்த உயரத்தில் கோடு போட்டு ஒவ்வொருவராக நிற்கச் சொன்னேன். ஒன்றாம் வகுப்புக்குக் கழுத்துக்குக் கீழே வந்தது, ஐந்தாம் வகுப்புக்கு இடுப்புக்கு மேலே. வகுப்பில் சத்தமே இல்லை. பூமியின் காற்று முன்னைவிடச் சூடாகி வருகிறது, ஒரு பாகை சூடு ஏறினால் காற்று ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் ஆவியைத் தாங்கும், அதனால் பெய்யும்போது சேர்த்துவைத்துக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது என்று மேல்வகுப்புக்குச் சொன்னேன். டம்ளர், சிலேட்டு, புரட்டாசிப் புழுக்கம் எல்லாம் பார்த்தவர்கள் என்பதால் அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

“டீச்சர், நம்ம ஊருக்கும் அப்புடி வருமா?”

சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. பொய் சொல்லவும் மாட்டேன். வரலாம், வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று பார்த்து வைப்போம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வரத்துக்கால் வழியே கண்மாய், கண்மாய்க் கரை மேல் நடந்து கலுங்கு, கலுங்குக்குக் கீழே ஓடை, ஓடையைப் பிடித்துக் கடற்கரை வரை. கலுங்கைத் தாண்டியதும் ஓடை முழுக்கச் சீமைக்கருவேலம். ஓரிடத்தில் வழியையே காணவில்லை, மண் மேடாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வரைபடமாக்கினார்கள். அடைப்புள்ள இடங்களுக்குச் சிவப்பு வண்ணம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளுக்கான கிராமசபைக் கூட்டத்தில் அந்த அட்டையைப் பெற்றோர் எடுத்துப்போய் வைத்தார்கள். கலுங்குக்குக் கீழே உள்ள முள்ளை வெட்டுவது நூறு நாள் வேலையில் சேர்ந்தது. மண் மேட்டைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. இந்த வருடத்து ஐந்தாம் வகுப்பு அதே வழியில் மறுபடி நடந்து, வெட்டிய இடத்தில் முள் திரும்பத் துளிர்த்திருக்கிறதா என்று பார்த்து, வரைபடத்தில் திருத்தம் செய்துகொண்டிருக்கிறது.